கப்பலிலிருந்து இறங்கி, கரையோரமாகக் கண்டனூர் வரை

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சிங்கப்பூரில் பணிக்காலம் முடித்த நீங்கள், இலங்கைத் துறைமுகங்களைத் தொட்டுவிட்டுச் சென்னையில் வந்து முடியும் உல்லாசக் கப்பலில் வருகிறீர்கள். பள்ளியில் உடன் படித்த தோழர் தம் காருடன் துறைமுகத்தில் காத்திருப்பார். இருவரும் கடற்கரைச் சாலையிலேயே தெற்கே வந்து, காரைக்குடிக்கு அருகே, செட்டிநாட்டுக் கண்டனூரில் உள்ள உங்கள் பூர்வீக வீட்டில் பயணத்தை முடிக்க விரும்புகிறீர்கள். ஒரே நாளில் வந்துவிட முடியுமா, வழியில் எங்கெங்கே நிற்கலாம், எவற்றை விட்டுவிடலாம், அறுபத்தைந்து வயதில் இது உடம்புக்குத் தாங்குமா என்பவை உங்கள் கேள்விகள்.

ஒரே நாளில் வர முடியும். ஆனால் வர வேண்டாம். திருச்சி நெடுஞ்சாலையைப் பிடித்தால் காலையில் இறங்கியவர் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். கரை வழியாக வந்தால் தொலைவு நூறு கிலோமீட்டருக்கு மேல் கூடும். சாலையும் பல இடங்களில் ஊர்களுக்கு நடுவே நுழைந்து போகும். இரண்டு இரவு வழியில் தங்கி மூன்றாம் நாள் மாலை வீடு சேருவதுதான் என் பரிந்துரை. இதற்கு உடல்நலம் ஒரு காரணம் என்றாலும், அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வழியில் எங்கே நிற்பது என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

உங்கள் வீட்டைப் போன்ற வீடுகளில் உள்ள பொருள்களில் பெரும்பாலானவை கடல் வழியே வந்தவை. தூணும் உத்தரமும் பர்மாத் தேக்கு; தரையில் இத்தாலியப் பளிங்கு; பட்டாலை என்னும் கூடத்துச் சுவரில் பெல்ஜியம் கண்ணாடி; பெட்டகத்தில் அடுக்கிய மங்குச் சாமான்கள் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் செய்யப்பட்டவை. உங்கள் பாட்டனார் காலத்தவர்கள் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போனதும், மூன்றாண்டுப் பணித் தவணையாகிய கணக்கு முடிந்து திரும்பியதும் இந்தக் கரையில்தான். கடலே கண்ணில் படாத வறண்ட மேட்டு நிலத்தில் ஏன் இப்படிப்பட்ட வீடுகள் எழுந்தன என்று வெளியூரிலிருந்து வருகிறவர்கள் என்னிடம் பல முறை வியந்து கேட்டிருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் வந்து இறங்குகிறவருக்கு அது புதிராகத்தான் இருக்கும். நாகப்பட்டினத்தையும் தரங்கம்பாடியையும் பார்த்துவிட்டு வருகிறவருக்குப் புதிரே இல்லை. கப்பலில் வந்து கரை வழியே ஊர் திரும்பும் வாய்ப்பு உங்கள் தலைமுறையில் மிகச் சிலருக்கே கிடைக்கிறது. அதை ஒரே பகலில் ஓட்டித் தீர்த்துவிடுவது எனக்கு மனம் ஒப்பவில்லை.

இனி இறங்கும் நாளைப் பற்றி. கப்பல் விடியற்காலையில் துறையை அடைந்தாலும், குடிநுழைவுச் சோதனையும் சுங்கச் சோதனையும் முடிந்து நீங்கள் வெளியே வர முற்பகல் ஆகிவிடக்கூடும். பெரிய பெட்டிகளை முந்தைய இரவே அறை வாசலில் வைக்கச் சொல்லுவார்கள். ஆகவே மருந்து, கண்ணாடி, கடவுச்சீட்டு, ஒரு மாற்றுடை ஆகியவற்றைக் கைப்பையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். தனியார் வண்டிகள் துறைமுகத்துக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. எந்த வாயிலில் பயணிகளை வெளியே விடுகிறார்கள் என்று கப்பல் நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுத் தோழருக்குத் தெரிவித்துவிடுங்கள். சரக்குப் பெட்டி லாரிகள் வரிசையாக நிற்கும் அந்தப் பகுதியில் அவர் வண்டியை நிறுத்த இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருப்பது இருவருக்கும் நல்ல தொடக்கமாக இராது.

முதல் நாள் நீங்கள் வண்டி ஓட்டக் கூடாது. பல நாள் கப்பலில் இருந்தவருக்குக் கரையில் கால் வைத்த பிறகும் தரை அசைவது போலத் தோன்றும். உடலின் சமநிலையைக் காக்கும் மூளை கப்பலின் ஆட்டத்துக்குப் பழகிவிட்டதால் இது நேர்கிறது. பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாகவே அடங்கிவிடும். குமட்டலுக்கு மாத்திரை எடுத்திருந்தால் அவற்றில் பல தூக்கத்தை வரவழைப்பவை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பின்னர் ஓட்ட விரும்பினாலும், சிங்கப்பூர் உரிமம் மட்டும் வைத்திருப்பவருக்கு இங்கே பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் தேவை. இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தால், மூன்று நாளும் தோழரே ஓட்டுவதும், நீங்கள் அவர் பக்கத்தில் இருந்து பேச்சுத் துணையாக இருப்பதும் உகந்தவை. தெற்கு நோக்கி வரும்போது கடல் இடப்பக்கம் இருக்கும். நம் வண்டிகளில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையும் இடப்பக்கம்தான். ஆகவே கடலைப் பார்க்கும் இடம் உங்களுக்கே கிடைக்கிறது.

துறைமுகத்திலிருந்து ராஜாஜி சாலை, காமராஜர் சாலை வழியாக மெரினாவைக் கடந்து, அடையாறு, திருவான்மியூர் வந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலை தொடங்குகிறது. அன்றைய இலக்கு புதுச்சேரி மட்டுமே. ஏறத்தாழ 150 கிலோமீட்டர். மாமல்லபுரத்தில் நீங்கள் இளமையில் எப்படியும் நின்றிருப்பீர்கள். இருந்தாலும், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மப் பல்லவன் கட்டிய கடற்கரைக் கோயிலைக் கப்பலிலிருந்து இறங்கிய அதே நாளில் பார்ப்பது வேறு அனுபவம். கடலிலிருந்து வருகிறவன் முதலில் காண வேண்டிய கட்டடமாகவே அது நிற்கிறது. வெயிலில் ஐந்து ரதம், அருச்சுனன் தபசு என்று எல்லாவற்றையும் சுற்ற வேண்டாம். அதற்குப் பதிலாக இன்னும் தெற்கே வந்து, கடப்பாக்கத்தில் இடப்பக்கம் திரும்பி ஆலம்பரைக் கோட்டைக்குப் போங்கள். பதினெட்டாம் நூற்றாண்டுக் கோட்டை. பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. 1760இல் ஆங்கிலேயர் இடித்தனர். செங்கல் சுவர்கள் கழிமுகத்தின் ஓரமாகச் சிதைந்து கிடக்கின்றன, கூட்டம் அதிகம் இராது. மரக்காணம் உப்பளங்களைக் கடந்து மாலைக்குள் புதுச்சேரி சேர்ந்துவிடலாம். அங்கே கடற்கரைச் சாலையில் மாலை முதல் மறுநாள் காலை வரை வண்டிகளை விடுவதில்லை. ஆகவே அந்தச் சாலைக்கு நடந்து போகும் தொலைவில் அறை எடுங்கள். கால் மரத்துப்போன இருவருக்கும் அந்த நடை தேவைப்படும்.

இங்கே தோழரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நெடுநாள் பிரிந்திருந்தவர்கள் முதல் நாளிலேயே எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிடப் பார்ப்பார்கள். பிள்ளைகள், வேலை, நோய், இறந்துபோனவர்கள் என்று ஒரு மூச்சில் சொல்லி முடித்தபின், இரண்டாம் நாள் காலையில் வண்டிக்குள் ஒரு மௌனம் வந்து உட்காரும். அதைக் கண்டு சங்கடப்பட வேண்டாம், பாட்டுப் போட்டு நிரப்பவும் வேண்டாம். என் பள்ளித் தோழருடன் இதே சாலையில் வந்தபோது அந்த மௌனம் கடலூர் தாண்டும்வரை நீடித்தது; அதன் பிறகு அவர் சொன்ன செய்தி, அதற்கு முன் யாரிடமும் சொல்லாத ஒன்று. கப்பலில் உங்களுக்கு ஒவ்வொரு மணிக்கும் ஒரு நிகழ்ச்சி ஏற்பாடு செய்து வைத்திருப்பார்கள். சாலையில் அப்படி எதுவும் இல்லை என்பதே அதன் நன்மை. ஆகவே ஒரு நாளைக்கு மூன்று இடங்களுக்கு மேல் நிற்பதாகத் திட்டமிடாதீர்கள். இடம் பார்க்கும் ஆசை உங்களுக்கு அதிகமாக இருக்கும், ஏனென்றால் நீங்கள் வெளிநாட்டிலிருந்து வருகிறவர். ஓட்டுகிறவருக்கு ஓய்வுதான் பெரிதாக இருக்கும். எங்கே நிற்பது என்பதை அவரிடம் விட்டுவிடுவது, மூன்று நாள் உங்களுக்காக ஓட்டப் போகிறவருக்குச் செய்யும் மரியாதை.

இரண்டாம் நாள் புதுச்சேரியிலிருந்து தரங்கம்பாடி. ஒன்றை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள்: இந்தப் பகுதியில் இது பெயருக்குத்தான் கடற்கரைச் சாலை. கடலூருக்குத் தெற்கே சவுக்குத் தோப்பும் பனையும் வயலும் குறுக்கே நின்று, கடல் வெகுநேரம் கண்ணில் படாது. நீங்களாகத் திரும்பிக் கிழக்கே போனால்தான் கடல். பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில் படகுச் சவாரி எல்லோரும் பரிந்துரைப்பது. கப்பலிலிருந்து நேற்றுத்தான் இறங்கியவருக்கு அதை நான் சொல்ல மாட்டேன். சிதம்பரத்தில் நில்லுங்கள். நடராசர் கோயில் நண்பகலில் நடை சாத்தப்படும் என்பதால் முற்பகலிலேயே போய்விட வேண்டும். கோயிலுக்குக் கிழக்கே, 1929இல் அண்ணாமலை அரசர் நிறுவிய பல்கலைக்கழகம். கடல் கடந்து ஈட்டிய பொருள் வீடாகவும் நகையாகவும் மட்டும் நின்றுவிடவில்லை என்பதற்குக் அவர் பிறந்த செட்டிநாட்டுக் கானாடுகாத்தானிலிருந்து வெகு தொலைவில் நிற்கும் சான்று அது. தோழர் அங்கே படித்தவராக இருந்தால் இரண்டு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கிவிடுங்கள். சிதம்பரத்தில் மதிய உணவு எதுவானாலும், கத்தரிக்காய் கொத்சு கிடைத்தால் விடாதீர்கள்.

கொள்ளிடத்தைக் கடந்து சீர்காழி வந்தபின் பூம்புகார். அங்கே கண்ணுக்கு விருந்தாக அதிகம் இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். காவிரி கடலில் கலக்கும் இடம் ஆண்டில் பல மாதங்கள் மணல் மேடாகவே இருக்கும். ஆனாலும் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டுப் பிள்ளை இந்த இடத்தைக் கடந்துவிட்டுப் போவது முறையாகாது. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து புறப்பட்டுப் பாண்டிய நாட்டின் வறண்ட மேட்டுநிலத்துக்கு வந்து, இளையாத்தங்குடி முதலாக ஒன்பது கோயில்களின் வழியினராகப் பிரிந்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் மரபு. அந்த மரபை எந்த அளவுக்கு வரலாறாகக் கொள்ளலாம் என்பது ஆய்வாளர்களுக்கு உரியது. ஆனால் பக்கத்தில் உள்ள கீழையூரில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில், செங்கல்லால் கட்டப்பட்ட படகுத்துறை வெளிப்பட்டது. கப்பல்கள் வந்து போன ஊர் என்பதில் ஐயமில்லை. உங்கள் வீட்டின் அடித்தளம் தெருவைவிட ஏன் அத்தனை உயரமாக இருக்கிறது என்று கேட்டால், கடல் கொண்ட ஊரிலிருந்து வந்தவர்களுக்குத் தண்ணீரைப் பற்றிய அச்சம் நீங்கவில்லை என்று ஆச்சிமார் சொல்லுவார்கள். அதை நினைத்துக்கொண்டு அந்த மணலில் சிறிது நேரம் நில்லுங்கள்.

இரவு தங்கத் தரங்கம்பாடி. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இசைவு பெற்று டென்மார்க்கு நாட்டினர் கட்டிய கோட்டை இன்றும் கடலை நோக்கி நிற்கிறது. 1706இல் செருமானியச் சமயப் பணியாளர் சீகன்பால்கு இங்கே வந்து இறங்கினார்; அவர் தமிழாக்கிய புதிய ஏற்பாடு சில ஆண்டுகளில் இங்கேயே அச்சேறியது. 1845இல் டேனியர் இந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அதன்பின் வணிகம் வேறு துறைகளுக்குப் போய்விட்டதால் ஊர் வளராமல் நின்றுவிட்டது. அதனால்தான் அந்தத் தெருக்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. கடலை ஒட்டிய மாசிலாமணிநாதர் கோயில் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியர் காலத்தில் எழுந்தது. அதன் முன்பகுதியை அலை அரித்துக்கொண்டு போய்விட்டது. பழைய பங்களாக்கள் சில விடுதிகளாக மாறியுள்ளன. அறைகள் குறைவு, முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள்.

மூன்றாம் நாள் நீண்ட நாள். விடியலில் புறப்பட்டு, காரைக்கால், நாகூர் வழியாக நாகப்பட்டினம் வந்துவிடுங்கள். இராசராசன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரம் இந்த ஊரில் இருந்தது. இராசராசன் மகன் இராசேந்திரனின் படை கடாரம் வரை சென்றது 1025 அளவில். ஆனால் உங்கள் குடும்பத்தோடு நெருக்கமான வரலாறு இதைவிடப் பிற்பட்டது. பினாங்கு, சிங்கப்பூர் செல்லும் கப்பல்கள் சென்னையிலிருந்து கிளம்பி நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு கிழக்கே போயின. பெரிய கப்பல் கரைக்கு வர இயலாத திறந்த துறை என்பதால், பயணிகள் படகில் போய்க் கடலுக்குள் நின்ற கப்பலில் ஏற வேண்டியிருந்தது. ரஜூலா கப்பலைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பின் வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றியதோடு அந்த வழிப் பயணம் முடிவுக்கு வந்தது. நெடுங்காலம் வெறிச்சோடியிருந்த துறையிலிருந்து 2023 அக்டோபரில் இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணியர் கப்பல் விடப்பட்டது. இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியபோது ஓடிய கப்பலின் பெயர் சிவகங்கை. நம் மாவட்டத்தின் பெயரைத் தாங்கிய கப்பல் அந்தத் துறையிலிருந்து புறப்பட்டது என்ற செய்தியைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. சூடாமணி விகாரம் இருந்த ஊரில் இன்று மேலும் ஒரு நினைவும் உண்டு: 2004 ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டிலேயே மிக அதிகமான உயிர்களை இழந்த கரை இதுவே. மீனவர் குடியிருப்புகளுக்குள் வேடிக்கை பார்க்கும் மனநிலையில் போகாதீர்கள்.

இதன்பின் ஒரு முடிவு எடுக்க வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணி, திருத்துறைப்பூண்டி வழியாக நேரே முத்துப்பேட்டை போகலாம். அல்லது தெற்கே இறங்கி வேதாரண்யம், கோடிக்கரை பார்த்துவிட்டுச் சுற்றி வரலாம். 1930இல் இராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய வேதாரண்யமும், வெளிமான்களும் குளிர்காலத்தில் பூநாரைகளும் உள்ள கோடிக்கரைச் சரணாலயமும் பார்க்கத் தக்கவைதாம். ஆனால் மூன்றாம் நாளில் இரண்டையும் சேர்த்தால் வீடு சேர இரவாகிவிடும். கோடிக்கரைதான் வேண்டும் என்றால் வேதாரண்யத்தில் மூன்றாம் இரவு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஓட்டுகிறவருக்கு ஒப்புதல் என்றால் நான் அதையே விரும்புவேன், ஏனென்றால் இந்தக் கரையிலேயே பெரிய மாற்றம் அங்கேதான் நிகழ்கிறது.

சென்னையிலிருந்து கோடிக்கரை வரை உள்ளது வங்கக்கடலின் திறந்த கரை. அலை உயர்ந்து உடையும், மணல் சரிவாக இறங்கும். கோடிக்கரையில் நிலம் மேற்கே திரும்புகிறது. அதற்கு அப்பால் பாக் விரிகுடா; இலங்கையும் இராமேசுவரமும் மறைத்து நிற்கும் ஆழம் குறைந்த நீர். அலை அடங்கிவிடுகிறது, காற்றில்லாத நாளில் கடல் ஏரியைப் போலக் கிடக்கும். நீங்கள் வந்த கப்பல் இந்த நீருக்குள் நுழைந்திருக்க முடியாது. இந்த ஆழத்தில் பெரிய கப்பல்கள் ஓடா என்பதால்தான் இந்தியாவின் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் இடையே போகிறவை இன்றும் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போகின்றன. ஆக, கப்பலில் காண முடியாத கடல் ஒன்றை உங்கள் தோழர்தாம் உங்களுக்குக் காரில் காட்டப் போகிறார். ஆழம் குறைவாக இருப்பதால் அடியில் வெயில் படுகிறது, கடற்புல் வளர்கிறது, அந்தப் புல்லை மேய ஆவுளியா வருகிறது. இந்தக் கடற்பசுவுக்காகத் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையை ஒட்டி 448 சதுரக் கிலோமீட்டர் பரப்பை 2022இல் தமிழ்நாடு அரசு காப்பகமாக அறிவித்தது. ஆவுளியாவை நீங்கள் காண்பது அரிது. அது மேயும் கடலைக் காண்பீர்கள்.

அந்தக் கடலைக் காண உகந்த இடம் மல்லிப்பட்டினத்துக்கு அருகே உள்ள மனோரா. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட, தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி 1814இல் எழுப்பிய அடுக்குக் கோபுரம் அது. ஐரோப்பாவில் நடந்த ஒரு போருக்குத் தஞ்சைக் கரையில் நினைவுச் சின்னம் எழுந்ததன் பின்னணியில் இருந்த அரசியலைத் தோழருடன் விவாதிக்க நேரம் இருக்கும், ஏனென்றால் அங்கே உட்கார நிழல் இருக்கிறது, கூட்டம் இல்லை. அதிராம்பட்டினம் முதல் சேதுபாவாசத்திரம் வரை தென்னந்தோப்புகள் பல இடங்களில் இடைவெளி விட்டு நிற்பதைக் கவனிப்பீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயல் சாய்த்த மரங்களின் இடம் அது. தென்னை மீண்டு காய்க்கப் பல ஆண்டுகள் பிடிக்கும் என்பதால் அந்தப் பகுதி மக்களின் இழப்பு ஓர் ஆண்டோடு முடியவில்லை.

கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று மீன்பிடி ஊர்களாக வந்து மீமிசலில் கடலை விட்டுப் பிரிகிறீர்கள். இன்னும் தெற்கே தொண்டி வரை போய்த் தேவகோட்டை வழியாகவும் வரலாம். ஆனால் மீமிசலில் மேற்கே திரும்பினால் அறந்தாங்கிச் சாலையில் ஆவுடையார்கோயில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வேறு வழியில் வருமாறு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மாணிக்கவாசகருக்கு அருள் கிடைத்த திருப்பெருந்துறை அதுவே. கருவறையில் இலிங்கம் இல்லை, ஆவுடை மட்டுமே. கல்லில் செதுக்கிய கொடுங்கையில், அதாவது வளைந்து இறங்கும் கூரை விளிம்பில், மரச்சட்டமும் கம்பியும் ஆணியும் தெரியும், அனைத்தும் கல். பழைய நாளில் சிற்பிகள் கோயில் பணிக்கு ஒப்பந்தம் எழுதும்போது, ஆவுடையார்கோயில் கொடுங்கையைப் போன்றது நீங்கலாக மற்றெல்லாம் செய்து தருவோம் என்று எழுதுவார்களாம். நடை திறக்கும் மாலை நேரத்துக்கு அங்கே போய்ச் சேருமாறு மனோராவிலிருந்து கிளம்புங்கள். உங்கள் வீட்டு மேற்கூரையின் மரவேலையைப் பார்ப்பதற்கு முன் இந்தக் கல்வேலையைப் பார்த்துவிடுவது நல்லது. தச்சனும் சிற்பியும் எவ்வளவு நெருங்கிய தொழிலாளிகள் என்பது அப்போது விளங்கும்.

அறந்தாங்கியிலிருந்து காரைக்குடிச் சாலையில் அரிசி ஆலைகள் தெரியத் தொடங்கினால் புதுவயல் வந்துவிட்டது என்று பொருள், கண்டனூர் பக்கத்தில்தான். வீட்டைப் பற்றி ஓர் ஏற்பாடு முன்கூட்டியே வேண்டும். நெடுநாள் பூட்டிக் கிடந்த வீடு என்றால், ஒரு வாரத்துக்கு முன்பே ஆள் வைத்து வளவை (வீட்டின் நடுமுற்றப் பகுதியை) கழுவி, கிணற்றையும் மின்கம்பிகளையும் பார்க்கச் சொல்லுங்கள். புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, ஓர் அறை என்று பங்கு பிரிந்த வீடாக இருக்குமானால், பங்காளிகளுக்கு நீங்கள் வருவதைத் தெரிவித்துவிடுவது முறை. பொதுவில் உள்ள முகப்பையும் பட்டாலையையும் விருந்தினருக்காகத் திறப்பது அவர்களும் அறிந்திருக்க வேண்டிய செய்தி. குளியலறை வசதி தற்காலத்துக்கு ஏற்றதாக இல்லை என்றால், இரவு தங்கக் கானாடுகாத்தானிலோ காரைக்குடியிலோ பழைய வீடுகளில் நடக்கும் விடுதிகள் உள்ளன. பகலில் உங்கள் வீட்டில் இருக்கலாம். தோழர் செட்டிநாட்டுக்குப் புதியவர் என்றால், மறுநாள் அவரை ஆத்தங்குடிக்கு அழைத்துப் போங்கள். கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் இட்டு, தண்ணீரில் ஊற வைத்துப் பூக்கற்களை எடுப்பதை அவர் தம் கண்ணால் பார்க்கட்டும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலை ஒன்றை அவர் வீட்டாருக்கு வாங்கிக் கொடுத்தனுப்புவது உங்கள் பொறுப்பு. சாப்பாட்டுக்கு, நெடுஞ்சாலை ஓரத்தில் செட்டிநாடு என்று பலகை மாட்டிய கடைகளை நம்ப வேண்டாம். ஊரில் சமைத்துத் தரும் ஆச்சி ஒருவரிடம் முந்தின நாளே சொல்லிவிட்டால் வெள்ளைப் பணியாரமும், கவுனி அரிசி இனிப்பும், அரிசி களைந்த நீரில் செய்யும் மண்டியும் வீட்டுப் பக்குவத்தில் கிடைக்கும்.

பருவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் இந்தக் கரைக்கே உரியவை. அந்த மாதங்களில் இந்தப் பயணம் வேண்டாம். தை பிறந்தது முதல் பங்குனி நடுப்பகுதி வரை உகந்தது. சித்திரை, வைகாசியில் கப்பல் குளிராக இருக்கும், சாலை தாங்காது. தோழரின் சொந்த வண்டியாக இல்லாமல் வாடகை வண்டியாக இருந்தால், புதுச்சேரி, காரைக்கால் எல்லைக்கு உரிய அனுமதிச் சீட்டை முன்பே எடுத்துவிடச் சொல்லுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை இருவரும் இறங்கி நடக்க வேண்டும். இந்த வயதில் கால் வீங்குவதைத் தடுக்க அதைவிட எளிய வழி இல்லை. இரத்த அழுத்தம், சர்க்கரை மருந்துகளைச் சென்னையிலேயே முழு அளவில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சிற்றூர்க் கடைகளில் உங்கள் மருந்தின் அதே வகை கிடைக்கும் என்று எண்ண முடியாது.

கடைசியாக ஒன்று, கேள்வியில் நீங்கள் குறிப்பிடாதது. நீங்கள் வீடு சேர்ந்துவிடுவீர்கள். உங்கள் தோழர் சென்னைக்குத் திரும்பிப் போக வேண்டும். மூன்று நாள் ஓட்டியவரை மறுநாள் காலையிலேயே தனியாக வழியனுப்பிவிடாதீர்கள். குறைந்தது இரண்டு இரவாவது அவர் உங்கள் வீட்டில் தங்கட்டும். திரும்பும்போது கரை வழியே போகாமல் திருச்சி நெடுஞ்சாலையில், பகல் வெளிச்சத்திலேயே போய்ச் சேருமாறு விடியற்காலையில் கிளம்பச் சொல்லுங்கள். தனியே ஓட்டத் தயங்கினால் காரைக்குடியில் ஆக்டிங் டிரைவர் ஒருவரை ஏற்பாடு செய்து, அவர் திரும்பி வரும் ரயில் கட்டணத்தோடு கூலியையும் நீங்களே கொடுத்துவிடுங்கள். தோழர் மறுப்பார், அவர் குளிக்கப் போயிருக்கும்போது டிரைவரிடம் கொடுத்துவிட்டால் பேச்சுக்கு இடமிராது.